நாகஜோதி எடுத்த பதின்மூன்று முகங்கள்

நாகஜோதிக்கு இருபத்தேழு வயது. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், கோணல் காலர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை, சில நாள் எண்ணூறு. நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் குறை கண்ணில் படாது என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு. நிர்வாகம் எந்நேரமும் உட்கார்ந்தே இருக்கிறது, அதன் கண்ணில் எந்தக் குறையும் படுவதில்லை. ஆகவே கண்டுபிடிப்பு சரியாகவே இருக்கலாம்.

ஷிப்டுக்கு முந்நூற்று அறுபது ரூபாய். ஆனால் ஒரு ஷிப்டோடு வீட்டுக்குக் கிளம்புகிறவளை இங்கே சோம்பேறி என்பார்கள். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புவதற்கு ஒன்றரை ஷிப்டு என்று பெயர். மனிதன் எட்டு மணி நேரம் உழைத்தால் போதும் என்று சட்டத்தில் எழுதியவர்கள் அந்தப் பாதியை எழுத மறந்துவிட்டார்கள். ஊர் தன் செலவில் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பாதி ஷிப்டின் காரணமாக, அவளுடைய ஆறு வயது மகள் தேஜஸ்ரீ உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் மாமியார் சீனியம்மாளிடம் வளர்கிறாள். மாலை ஐந்தரை மணிக்கு வீட்டில் ஓர் ஆள் இருந்தால் பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். பாதி ஷிப்டின் விலை மாதத்துக்கு நாலாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய். அதை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர முடிந்தால் பிள்ளை வரும். முடியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரும்.

இந்த நிலையில் அவள் கணக்கில் ஒரு லட்சத்து நாலாயிரம் ரூபாய் வந்து விழுந்தது. முன்பு ஆறு வருடம் வேலை பார்த்த கம்பெனி மூடிப்போனதால் வந்த பிஎஃப் பணம். பணம் வந்த செய்தி வங்கியிலிருந்து வந்த இரண்டாம் நாள் பியூட்டிஷியன் பயிற்சி அகாடமியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இரண்டுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை. இந்த உலகில் பல விஷயங்களுக்குள் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை.

அகாடமி பல்லடம் ரோட்டில், ஓர் அடகுக் கடையின் மேல்மாடியில் இருந்தது. அதன் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல் இருந்தது. மீதிப் பெயர் நமக்குத் தேவையில்லை. நடத்துபவர் அன்புசெல்வி. நாற்பத்தைந்து வயது, அதில் பத்தை முகத்தில் மறைத்திருந்தார், கைகளை மறந்துவிட்டார்.

“வாங்க வாங்க, உக்காருங்க. நாகஜோதிங்களா? நல்ல பேருங்க. ஆனா நம்ம ஃபீல்டுக்கு ‘ஜோ’ன்னு சுருக்கிக்கலாங்க. இப்ப என்ன வேலைங்க?”

“செக்கிங் மேடம்.”

“அடடா, அப்ப கண்ணு கூர்மையா இருக்குமுங்க. நம்ம தொழிலுக்கு அதுதானுங்க மொதல்.”

ஆறு மாத டிப்ளமா. கட்டணம் எழுபத்தைந்தாயிரம். ஜிஎஸ்டி பதின்மூவாயிரத்து ஐந்நூறு தனி. கத்தரி, பிரஷ், கிரீம் எல்லாம் அடங்கிய கிட் பதினாலாயிரம் தனி. பட்டமளிப்பு விழாவில் போட்டுக்கொள்ளும் கறுப்பு அங்கிக்கும் தொப்பிக்கும் வாடகை ஆயிரத்து இருநூறு தனி. கூட்டினால் ஒரு லட்சத்து மூவாயிரத்து எழுநூறு. நாகஜோதியின் வாழ்நாள் சேமிப்பில் முந்நூறு ரூபாயை அகாடமி தொடவில்லை. திரும்பிப் போக பஸ்ஸுக்கு என்று விட்டிருப்பார்கள்.

“முடிச்சுட்டு மாசம் எம்புட்டு சம்பாதிக்கலாம் மேடம்?”

“அது உங்க கையிலதானுங்க இருக்குது.”

“ஒரு உத்தேசமா?”

“திறமை இருந்தா அளவே இல்லீங்க. இந்தச் செவுத்தப் பாருங்க.”

சுவர் முழுக்க முகங்கள். ‘நாங்கள் உருவாக்கிய தொழிலதிபர்கள்’ என்று மேலே தங்க எழுத்து. எண்பது பெண்கள், எட்டு வரிசை, ஒவ்வொருத்தியும் கறுப்பு அங்கியில், கீழே பெயரும் ஊரும். நாகஜோதி அந்தச் சுவரை போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஆசையால் எடுக்கிறாள் என்று அன்புசெல்வி நினைத்தார். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றும் சொன்னார். ஒவ்வொரு மாதமும் முப்பதாம் தேதி வருகிறது என்பதைச் சொல்லவில்லை. அது காலண்டரிலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து விவரம் சொன்னதும் கணவன் காசிமாயனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவன் ஓவர்லாக் டெய்லர். பன்னிரண்டு வருடமாக பீஸ் ரேட். ஒரு கை மூட்டுக்கு இவ்வளவு பைசா என்று விழித்திருக்கும் நேரம் முழுவதையும் வகுத்துப் பழகியவன்.

“ஏய் ஜோதி, இங்கிட்டு வா. ஒரு புருவம் எடுக்க எம்புட்டு நேரமாகும்?”

“ஆறு நிமிசம்னு சொன்னாக.”

“அப்ப மணிக்குப் பத்து. எட்டு மணி நேரத்துக்கு எம்பது. அம்பது ரூவான்னு வச்சா நாலாயிரம். ஒன்றரை ஷிப்டு ஓட்டுனா ஆறாயிரம். மாசத்துக்கு இருபத்தாறு நாளு…” போனில் தட்டினான். “ஒரு லட்சத்து அம்பத்தாறாயிரம். அடியேய், மொத மாசமே கட்டுற பீஸு திரும்பி வந்துருச்சுடி.”

“மாமா, தெனமும் நூத்திருபது பேரு எங்கிட்டிருந்து வருவாக?”

“வருவாகடி. வராம எங்க போவாக?”

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாக அவன் மெஷினுக்குப் பக்கத்தில் பண்டல்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. வெட்டிய துணி, டஜன் டஜனாகக் கட்டி, நம்பர் சீட்டு சொருகி. முடித்துத் தள்ளினால் அடுத்தது விழும். அதை யார் அனுப்புகிறார்கள், எந்த நாட்டில் எவன் ஆர்டர் கொடுத்தான் என்று அவன் கேட்டதில்லை. கேட்டால் பீஸ் குறையும். புருவங்களும் அப்படியே டஜன் கட்டாக வாசலில் வந்து விழும் என்று அவன் நம்பியதில் அவனுடைய வாழ்க்கை முழுவதும் சாட்சியாக இருந்தது. அனுபவத்திலிருந்து அறிவு பிறக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது இந்த வகை அறிவைத்தானோ என்னவோ.

ஆறு மாதம் வகுப்புக்குப் போனால் ஆறு மாதம் செக்கிங் சம்பளம் கிடையாது, பிடித்தம் போக மாதம் பதின்மூவாயிரம் வீதம் எழுபத்தெட்டாயிரம் போகும் என்பதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. நாகஜோதி சேர்த்தாள். ஒரு லட்சத்து மூவாயிரம் என்ற பயிற்சி, அவள் சேர்த்த மாத்திரத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது. தன் நேரத்துக்கும் விலை உண்டு என்று ஒரு தொழிலாளி கண்டுபிடிப்பது குடும்ப அமைதிக்கு நல்லதல்ல.

ஆனால் அவளுக்கு ஆசை விடவில்லை. ஆசையை அவள் தன் தொழில் முறைப்படி கையாண்டாள்.

செக்கிங் முடிந்து பெட்டியில் அடுக்கிய சரக்கைக் கப்பலேற்றுவதற்கு முன்பு, சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் ஒருவர் வருவார். அவர் எல்லாச் சட்டையையும் பிரித்துப் பார்க்க மாட்டார். எண்பது இருந்தால் பதின்மூன்றை எடுப்பார். ஒன்றில் குறை இருந்தால் மன்னிப்பார். இரண்டில் இருந்தால் மொத்தமும் ரிஜெக்ட். எடுக்கும்போது மேல் அடுக்கைத் தொடவே மாட்டார். பேக்கிங் செய்பவர்கள் நல்ல சட்டையை மேலே வைப்பார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். நாகஜோதி அந்தப் பதின்மூன்றைப் பல முறை பக்கத்தில் நின்று பிரித்துக் கொடுத்திருக்கிறாள்.

சுவரில் எண்பது முகம். போன் படத்தைப் பெரிதாக்கி, முதல் வரிசையை விட்டுவிட்டு, கீழேயிருந்து ஐந்துக்கு ஒன்றாக எண்ணி, பதின்மூன்று பெண்களைத் தேர்ந்தெடுத்தாள். முப்பதாம் தேதிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

பெயரும் ஊரும் மட்டுமே தெரிந்தவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். திருப்பூரைச் சுற்றி முப்பது மைலில் எந்தப் பெண்ணையும், அவளோடு ஒரே மேசையில் செக்கிங் பார்த்தவள் ஒருத்தி அறிவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினால் போதும். “இவ எங்க சித்தி மவளோட ஓரகத்தியாச்சே” என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும்.

ஒன்று தேடாமலே முடிந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண்ணும் ஆறாம் வரிசையில் ஒரு பெண்ணும் வேறு பெயர், வேறு ஊர், வேறு கூந்தல். ஆனால் இடது காது மடலில் இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே கிழிசல். முகத்துக்குப் பூசலாம், காதை யாரும் கவனிப்பதில்லை. எழுநூறு சட்டையில் ஒரு ஊசித் துளையைப் பிடிக்கிறவளுக்கு இது பெரிய வேலையில்லை.

மற்ற பன்னிரண்டில் மூன்று தொழிலதிபர்கள் பனியன் கம்பெனியிலேயே இருந்தார்கள். ஒருத்தி நாகஜோதியின் கம்பெனிக்கு இரண்டு ஷெட் தள்ளி, அயனிங் மேசையில். இருவர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். டிப்ளமா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்கள். இருவர் பெரிய சலூன்களில் உதவியாளர்கள், சம்பளம் எட்டாயிரம், ஒன்பதாயிரம். செக்கிங்கைவிடக் குறைவு, நிற்பது அதே அளவு. ஒருத்தியின் போன் எண் உபயோகத்தில் இல்லை. ஒருத்தி நாலு லட்சம் கடன் வாங்கிக் கடை திறந்து எட்டு மாதத்தில் மூடியவள். ஏறி இறங்கும் நாற்காலி மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் மாமனார் சாய்ந்து டிவி பார்க்கிறார். “அவருக்கு நல்ல வசதிங்க்கா, இடுப்பு வலியே போயிருச்சு” என்றாள். ஆக, கல்வி வீண் போகவில்லை.

இன்னொருத்தி அகாடமியிலேயே போன் பேசும் வேலையில் இருந்தாள். சேரும் ஒவ்வொருவருக்கும் மூவாயிரம் கமிஷன். நாகஜோதிக்குப் போன் செய்தவளே அவள்தான். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஏக்கா, நீங்க படிச்சது எதுக்குமே ஆகலையா?” என்று நாகஜோதி கேட்டாள்.

“யாருங்க சொன்னது? பேசறதுக்கு அங்கதான் கத்துக் குடுத்தாங்க.”

நன்றாகச் சம்பாதிப்பவர்கள் இரண்டு பேர். கோயம்புத்தூரில் மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒருத்தி மாதம் லட்சத்தைத் தொடுகிறாள். அவளுடைய அம்மா அங்கே இருபது வருடமாகப் பார்லர் நடத்துகிறார். மகள் அகாடமிக்குப் போனது சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டுவதற்கு.

மற்றவள் மடத்துக்குளத்தில் இருந்தாள். பெயர் அனிதா. மூன்றாம் ஞாயிறு நாகஜோதி உடுமலைப்பேட்டை பஸ் பிடித்துப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உர மூட்டைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் பத்துக்குப் பத்து அறை. ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, சுவரில் சிலுவை, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சில் நாலு பேர். அனிதா ஒரு கல்லூரிப் பெண்ணின் புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே பேசினாள்.

“அகாடமிலிருந்து வர்றீங்களா? நான் கமிஷனுக்கெல்லாம் ஆள் சேத்து விட மாட்டனுங்க.”

“இல்லக்கா. சேரலாமா வேணாமான்னு கேக்க வந்தேன்.”

“அப்பிடி இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்க. சேந்துட்டுத்தான் வந்து அழுவாங்க. உக்காருங்க. ஏம்மா, கண்ண மூடு, நூலு பட்டுரப் போவுது.”

அனிதா சொன்னதன் சாரம் இது. திங்கள் முதல் வெள்ளி வரை அவள் கடைக்கு வருவது ஈ. சனி மாலையும் ஞாயிறும் ஆள். வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள். ஆலைக்குக் கரும்பு போய்ப் பணம் வந்தால் ஆள். ஆடியிலும் மார்கழியிலும் கடையைத் திறப்பது பூட்டு துருப்பிடிக்காமல் இருக்க. வாடகை போக மாதம் சராசரி பதினோராயிரம். போட்ட பணம் திரும்பி வர இரண்டே முக்கால் வருடம் ஆனது.

“அப்ப அந்தப் படிப்பே வேஸ்டாக்கா?”

“அப்படிச் சொன்னா பொய்யாப் போயிருமுங்க. புருவம், ஃபேஷியல், பொண்ணு அலங்காரம். இந்த மூணுலதான் எனக்குச் சோறு. மொத ரெண்டையும் ஆறு வாரத்துல நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அந்தம்மாவுக்குக் கை சுத்தமுங்க. மீதி நாலு மாசம் சூடான கல்லு மசாஜு, சாக்லேட் மசாஜு, கடல் பாசி மசாஜுன்னு பேரா மனப்பாடம் பண்ணுனோம். மடத்துக்குளத்துல வந்து எவ கடல் பாசி கேக்கறா?”

பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள், “அதென்னங்க, தின்றதுங்களா?” என்றார்.

“பூசறதுங்க்கா.”

“அட கருமமே.”

திரும்பும் பஸ்ஸில் நாகஜோதி முடிவைப் பார்த்தாள். குறை இரண்டைத் தொட்டால் ரிஜெக்ட். இங்கே நல்லதே இரண்டுதான். அதிலும் ஒன்று அம்மாவின் கடையில் தைத்தது.

இத்தோடு அவள் விட்டிருந்தால் இதை எழுதுவதற்கு எதுவும் இல்லை. விவேகமுள்ள பெண் ஒருத்தி ஏமாறாமல் தப்பினாள் என்று ஒரு வரி போதும். ஆனால் திருப்பூரில் ரிஜெக்ட் ஆன சரக்கை யாரும் கொளுத்துவதில்லை. ஒரு பொருளுக்கு விலை வேறு, மதிப்பு வேறு என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். இந்த ஊர் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தது: தள்ளுபடி. பையர் குறையைக் காட்டுவார், முதலாளி கெஞ்சுவார், கடைசியில் பாதி விலைக்கோ கால் விலைக்கோ அதே சரக்கு கப்பலேறும். குறையைக் கண்டுபிடிப்பதே சில பையர்களுக்கு விலையைக் குறைக்கத்தான். தன் முதலாளி ஏசி அறையில் வேர்த்துக்கொண்டு பேரம் பேசியதை நாகஜோதி கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறாள்.

முப்பதாம் தேதி, அரை நாள் லீவு போட்டு அகாடமிக்குப் போனாள். அன்புசெல்வி ரசீது புத்தகத்தை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்.

“பணம் கொண்டாந்தீங்களா ஜோ?”

“பதிமூணு பேரைப் பாத்துட்டு வந்தேன் மேடம்.” நாகஜோதி ஒரு நோட்டுத் தாளை மேசையில் வைத்தாள். பெயர், ஊர், தற்போதைய வேலை, வருமானம். பதினோரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். கம்பெனியிலிருந்து எடுத்து வந்தது. திருட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அன்புசெல்வி தாளைப் படித்தார். முகத்தில் இருந்த பூச்சின் காரணமாக நிறம் மாறியதா என்று சொல்ல முடியாது.

“ஏனுங்க, எம்மேல போலீசுக்குப் போறீங்களா?”

“நான் எதுக்கு மேடம் போறேன்? சரக்கு ரிஜெக்ட்டு. வெலையப் பேசலாம்னு வந்தேன்.”

அன்புசெல்வி நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பத்து வருடத்துக்கு முன்பு வரை அவரும் கணவரும் நாற்பது மெஷின் வைத்து, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் நடத்தியவர்கள். இதே ரிஜெக்ட்டிலும் தள்ளுபடியிலும்தான் அந்த நாற்பது மெஷினும் போயின. அந்த அறையில் இன்டர்நேஷனல் என்ற சொல்லுக்குப் பொருத்தமான ஒரே உரையாடல் அதற்குப் பிறகு நடந்தது.

“சொல்லுங்க, எத்தன பெர்சென்ட்டு?”

“முழுக் கோர்ஸ் எனக்கு வேணாம். புருவம், ஃபேஷியல் ரெண்டு மட்டும். பன்னெண்டு ஞாயித்துக்கெழமை வர்றேன். வேலைய விட முடியாது. கிட்டு நானே வாங்கிக்கிறேன். அங்கி வேணாம். பன்னெண்டாயிரம் தர்றேன்.”

“பன்னெண்டா! ஞாயித்துக்கெழம கரண்டு பில்லு, ஏசி இதெல்லாம் யாருங்க கட்டறது? முப்பது குடுங்க.”

“ஏசி ஓடல மேடம், பாத்துட்டுத்தான் பேசுறேன்.”

“இருபத்தஞ்சு.”

“பதினாலு.”

ஒரு மணி நேரத்தில் இருபதாயிரத்தில் நின்றது. அதற்கு மேல் அன்புசெல்வி இறங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“பதினாறுக்கு முடிச்சுக்கலாங்க. ஒண்ணே ஒண்ணு. அங்கி போட்டு ஒரு போட்டோ குடுத்துருங்க. செவுத்துல எம்பத்தொண்ணா மாட்டிக்கறன். அங்கிக்கு வாடக வேண்டாம்.”

நாலாயிரம் ரூபாய் என்பது ஏழரை நாள், ஒன்றரை ஷிப்டு. அந்த நேரம் முழுவதும் நிற்க வேண்டும். ஒரு போட்டோவுக்கு அரை நிமிடம் நின்றால் போதும். காசிமாயன் அங்கே இருந்திருந்தால் பீஸ் ரேட்டைக் கணக்குப் போட்டு மயங்கி விழுந்திருப்பான்.

நாகஜோதி சுவரைப் பார்த்தாள். நல்லது கெட்டது பற்றி அவள் யோசித்ததாகச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. பின்னால் கேட்டபோது, “நாளைக்கு எவளாச்சும் என் மூஞ்சிய எண்ணி எடுத்துத் தேடிக்கிட்டு வந்தா, நான் என்னத்தைச் சொல்றது?” என்று மட்டும் சொன்னாள். குறையுள்ள சட்டையை நல்ல அடுக்கில் வைக்க அவளுடைய கை பழகவில்லை, அவ்வளவுதான் இருக்கலாம். நேர்மைக்கு இதைவிடப் பெரிய காரணங்களைப் பல நூல்களில் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் யாரும் அதற்காக ஏழரை நாள் கூலியை இழந்ததாகத் தகவல் இல்லை.

“இருபதே தர்றேன் மேடம்,” என்றாள். “போட்டோ வேணாம்.”

அன்புசெல்விக்கு இது புரியவில்லை. ஆனால் பாடத்தில் வஞ்சகம் செய்யவில்லை. பன்னிரண்டு ஞாயிறும் தானே நின்று, நூலைப் பல்லில் கடித்து, கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். கை சுத்தம் என்று அனிதா சொன்னது உண்மை. இவ்வளவு நன்றாகத் தெரிந்த தொழிலை நேராக விற்காமல் அங்கி போர்த்தி விற்பது ஏன் என்பது யோசிக்கத்தக்கது. நேராக விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது பதிலாக இருக்கலாம்.

பிப்ரவரியில் நாகஜோதி தன் ஒற்றை அறை வீட்டிலேயே தொடங்கினாள். வீட்டுக்காரம்மா வேலாத்தாள் எட்டு வீடு உள்ள அந்த லைனுக்கு ராணி. முதல் நாளே வாசலில் வந்து நின்றார்.

“ஏங் கண்ணு, கடையாட்டம் ஆளுக வந்தா தண்ணி பத்தாதே. என்ற ஊட்டுல பியூட்டி பார்லருன்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“ஞாயித்துக்கெழமை மட்டுந்தாங்கம்மா. போர்டு கீர்டு வைக்கல.”

“மோட்டாருக்குன்னு மாசம் எரநூறு சேத்திக் குடுத்துரு.” கொஞ்சம் நகர்ந்தவர் திரும்பி வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, தாடையைத் தடவிக் காட்டினார். “இதுல நாலு மசுரு மொளச்சுக் கெடக்குது பாரு. அத எடுக்கறதுக்கு எவ்வளவு?”

“இருவது ரூவாங்கம்மா.”

“அந்த எரநூறுல கழிச்சுக்க.”

முதல் மாதம் அறுநூறு ரூபாய் வந்தது. மார்ச்சில் ஆயிரத்து நானூற்று ஐம்பது. ஏப்ரலில் இரண்டாயிரத்து முந்நூறு. கடையில் ஐம்பது ரூபாய்ப் புருவத்துக்கு அவள் முப்பது வாங்கினாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பெண்கள் ஞாயிறு தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் துண்டோடு வந்தார்கள். ஒடிசா பெண்கள் இருவர் இந்தியில் பேசியபடி வந்து, கைஜாடையில் வடிவம் சொல்லிவிட்டு, சரியான சில்லறை வைத்துவிட்டுப் போவார்கள். மே மாதம் முகூர்த்தம்; நாலாயிரத்து நூறு. ஜூனில் ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது.

காசிமாயன் வகுத்துப் பார்த்து, ஒரு நாளைக்கு நூற்றிருபது புருவம் என்ற இலக்கில் இது எத்தனை சதவீதம் என்று சொன்னான். அவள் காது கொடுக்கவில்லை. ஜூன் மாதம் சூப்பர்வைசரிடம் போய், இனி தனக்கு ஒரு ஷிப்டு போதும் என்றாள். சோம்பேறிகள் பட்டியலில் சேர்ந்தாள். பள்ளி திறந்த வாரம் சீனியம்மாள் பேத்தியோடு வந்து இறங்கினார். இறங்கியதும், “ஊரான் மூஞ்சியைப் பிடிக்கிற வேலையெல்லாம் நம்ம வம்சத்துல எவளும் பாத்ததில்ல” என்றார். சொல்லிவிட்டு இரண்டு நாள் தங்கி, கிளம்பும்போது பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுதார். தேஜஸ்ரீ அழவில்லை. ஐந்தரை மணிக்கு வந்துவிடுவாயா என்று அம்மாவை மட்டும் மூன்று முறை கேட்டாள்.

ஜூலையில் பாதி ஆடி. இரண்டாயிரத்து முந்நூறுதான் வந்தது. குறைந்ததை மிச்சமிருந்த பிஎஃப் பணத்திலிருந்து எடுத்தாள். ஆகஸ்டிலும் எடுக்க வேண்டியிருக்கும், மார்கழியிலும். எண்பத்து நாலாயிரம் எத்தனை ஆடியைத் தாங்கும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறாள். பிள்ளை பத்தாவது வருகிற வரைக்கும் தாங்காது. ஐந்தாவது வரை தாங்கலாம். இதை வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம். தோல்வி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் செக்கிங் மேசையில் மௌனிகா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். இருபது வயது, ஊத்துக்குளிப் பக்கம். சாப்பாட்டு நேரத்தில் நாகஜோதியின் டப்பாவுக்குப் பக்கத்தில் தன் டப்பாவை வைத்தாள்.

“ஏனுங்க்கா, நீங்க பியூட்டிஷியன் படிச்சீங்களாமா? நல்லா வருதுங்களா?”

“இருபதாயிரம் கட்டுனேன். ஆறு மாசத்துல பதினாறாயிரம் வந்துருக்கு.”

“அவ்வளவுதானுங்களா?”

“அம்புட்டுத்தான்.”

மௌனிகா முருங்கைக்காயைச் சவைத்தபடி யோசித்தாள். “நீங்க பாதிக் கோர்சுதான படிச்சீங்க? முழுசாப் படிச்சிருந்தா நல்லா வந்துருக்குமுங்க.”

நாகஜோதி அந்தப் பதின்மூன்று பெயர்களையும் அவள் போனுக்கு அனுப்பினாள். நீயே போய்ப் பார் என்றாள். மௌனிகா கோயம்புத்தூர்க்காரியை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். மற்றவர்கள் வீடு தூரம் என்றாள். அடுத்த முப்பதாம் தேதிக்குள் அப்பாவின் இரண்டு மாட்டை விற்றுப் பணம் கட்டினாள். கணக்கை ஒளிக்காமல் சொன்னால் ஏமாற மாட்டார்கள் என்று நாகஜோதி நம்பியிருந்தாள். காசிமாயனின் நூற்றிருபது புருவத்தைவிட இது பெரிய நம்பிக்கை.

மறு ஞாயிறு காலை மௌனிகா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். அகாடமியில் அடையாள அட்டைக்கு போட்டோ எடுக்கிறார்களாம். நாகஜோதி பவுடர் தடவி, நூலை எடுத்து, இரண்டு புருவத்தையும் நேர்த்தியாக வளைத்துக் கொடுத்தாள். ஏழு நிமிடம் ஆனது. மௌனிகா கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“முப்பது ரூவா,” என்றாள் நாகஜோதி.

“என்னங்க்கா, தெரிஞ்சவங்ககிட்டயுமா?”

“தெரியாதவுக ஒருத்தரும் வர்றதில்லடி.”